குரூஸ்ல பீர் மட்டும் குடிக்கிறவங்களுக்கு டிரிங்க் பேக்கேஜ் எதுக்கு?

ஹூஸ்டன், டல்லாஸ் பக்கம் இருக்கும் நம்மவர்கள் டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்தில் குரூஸ் புக் செய்த மறுநாளே வாட்ஸ்அப் குழுவில் கேட்கும் கேள்வி, "டிரிங்க் பேக்கேஜ் எடுக்கலாமா?" என்பதுதான். நாளொன்றுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டிவிட்டு, கப்பலில் மது, காபி, ஜூஸ் எல்லாம் தனிக் காசு இல்லாமல் குடிக்கும் திட்டம்தான் டிரிங்க் பேக்கேஜ். பத்துப் பேர் "எடுத்துடுங்க, நிம்மதியா இருக்கலாம்" என்பார்கள். என் பதில் நேர் எதிரானது. பீர் மட்டும் குடிப்பவர் என்றால் வேண்டாம். கேபினில் கூட இருப்பவர் குடிக்காதவர் என்றால் வேண்டவே வேண்டாம். கணக்கைக் கீழே போடுகிறேன், நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் விதி. ஒரு கேபினில் ஒருவர் மது பேக்கேஜ் வாங்கினால், அதே கேபினில் இருக்கும் 21 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் வாங்கியாக வேண்டும். கார்னிவல் குரூஸ் கம்பெனியில் சியர்ஸ், ராயல் கரீபியன் கம்பெனியில் டீலக்ஸ் பெவரேஜ் பேக்கேஜ், பெயர்தான் வேறு, விதி ஒன்றுதான். ஒருவர் வாங்கி இருவர் குடிப்பதைத் தடுக்க வைத்த விதி இது. ஆனால் கணவன் பீர் குடித்து மனைவி தொடவே மாட்டார் என்ற நம் வீடுகளில் மொத்தச் சுமையும் அந்த ஒருவரின் பீர் மேல்தான் விழுகிறது. அதனால் கணக்கை ஆளுக்கு இவ்வளவு என்று போடக் கூடாது, கேபினுக்கு இவ்வளவு என்றுதான் போட வேண்டும்.

பேக்கேஜ் விலை பயணத்துக்குப் பயணம் மாறும். ஒரு பேச்சுக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு 70 டாலர் என்று வைப்போம். அதன் மேல் 20 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்த்தால் 84. இருவருக்கு 168. பீர் ஒன்று 7 டாலர், சர்வீஸ் சார்ஜோடு 8.40. போட்ட காசை எடுக்க ஒரு நாளைக்கு 20 பீர் குடிக்க வேண்டும். சியர்ஸ் பேக்கேஜில் காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை 15 மதுவுக்கு மேல் தரமாட்டார்கள். அந்தப் பதினைந்தையும் குடித்துத் தீர்த்தாலும் (தயவுசெய்து யாரும் முயல வேண்டாம்) மதிப்பு 126 டாலர்தான். குடிக்காதவர் இரண்டு கப்புசினோ, ஒரு ஜூஸ், ஒரு கோக் எடுத்தார் என்று இருபது டாலர் சேர்த்தாலும் 146. போட்டதோ 168. அதாவது உடம்பைக் கெடுத்துக்கொண்டும் நஷ்டம். இதே ஆள் நாளைக்கு நாலு பீரைக் காசு கொடுத்து வாங்கினால் செலவு 33.60. ஏழு நாளைக்கு 235 டாலர் சொச்சம். பேக்கேஜ் எடுத்திருந்தால் 1,176. மிச்சப் பணத்தில் இன்னொரு சின்ன குரூஸே போய்விடலாம்.

இருவரும் குடிப்பவர்கள் என்றால் நிலைமை மாறும், ஆனால் பீருக்கு அப்போதும் கட்டாது. 84-ஐ 8.40-ஆல் வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு நாளைக்குப் பத்து பீர். 14 டாலர் காக்டெயில், சர்வீஸ் சார்ஜோடு 16.80, அதை நாளைக்கு ஐந்தாறு குடிப்பவர், காலையில் ஸ்பெஷல் காபி, நீச்சல்குளத்தில் மோஜிட்டோ, இரவு உணவோடு வைன் என்று போகிறவருக்குத்தான் பேக்கேஜ். அவர்களும் எத்தனை நாள் கடலில், எத்தனை நாள் துறைமுகத்தில் என்று எண்ண வேண்டும். பேக்கேஜ் கப்பலில் மட்டும்தான் செல்லும், மெக்சிகோவின் கொஸுமெல் கடற்கரையில் செல்லாது. ராயலின் கோகோகே தீவு போன்ற சில சொந்தத் தீவுகள்தான் விதிவிலக்கு. காலை எட்டு மணிக்கு இறங்கி மாலை ஏறும் நாளில் குடிக்கும் நேரத்தில் பாதி போய்விடும். சாப்பாடும் மதுவும் சேர்ந்த ஆல் இன்க்ளூசிவ் பீச் கிளப் டே பாஸ் எடுத்தால் அன்றைக்குப் போட்ட 84 ஏறக்குறைய தண்டம். ஒரு நாளைக்கு மட்டும் வேண்டாம் என்று விட முடியாது, முழுப் பயணத்துக்கும் சேர்த்துத்தான் விற்பார்கள்.

நண்பர்கள் குடும்பமாகச் சேர்ந்து போகும்போது ஒரு வழி உண்டு. இரண்டு தம்பதிகள், ஆண்கள் இருவர் மட்டும் காக்டெயில் ஆசாமிகள் என்றால், புக்கிங்கில் ஆண்கள் இருவரையும் ஒரு கேபினிலும் பெண்கள் இருவரையும் பக்கத்து கேபினிலும் போடுங்கள். கப்பலில் ஏறியதும் கெஸ்ட் சர்வீசஸில் கேட்டால் மற்ற கேபினுக்கும் சாவி அட்டை போட்டுத் தருவது வழக்கம். பேக்கேஜ் ஒரே கேபினோடு நின்றுவிடும். ஒன்று மட்டும் கவனம்: ஆபத்து காலத்தில் கூட வேண்டிய மஸ்டர் ஸ்டேஷன் புக்கிங்கில் உள்ள கேபினை வைத்துத்தான் இருக்கும். எந்த ஆள் எங்கே நிற்க வேண்டும் என்பதை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பம், மருத்துவக் காரணம் என்றால் கம்பெனியைப் போனில் அழைத்து, குடிக்காதவருக்கு மது இல்லாத பேக்கேஜ் போடச் சொல்லிக் கேட்கலாம். வெப்சைட்டில் இதற்குப் பொத்தான் கிடையாது, ஆளோடு பேசினால்தான் நடக்கும். வாங்கிய பிறகு தன் கப்பல் அட்டையில் மது எடுத்து நண்பருக்குக் கொடுக்கும் வேலை மட்டும் கூடாது. பிடிபட்டால் பேக்கேஜை ரத்து செய்வார்கள், காசும் திரும்பாது.

எடுத்தே ஆக வேண்டும் என்பவர்கள் கப்பலில் ஏறி வாங்காதீர்கள், முன்கூட்டி ஆன்லைனில் வாங்குவதுதான் பெரும்பாலும் மலிவு. ராயல் கரீபியனின் ஆன்லைன் கடையான குரூஸ் பிளானரில் விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். "40 சதவீதம் தள்ளுபடி" என்ற எழுத்தைப் பார்க்கவே வேண்டாம், எந்த விலையில் இருந்து தள்ளுபடி என்பது அவர்கள் இஷ்டம். நாளொன்றுக்குக் கடைசியில் என்ன விலை என்று மட்டும் குறித்து வையுங்கள். வாங்கிய பின் விலை இறங்கினால், புறப்படும் முன்புவரை பழையதை ரத்து செய்துவிட்டுப் புது விலையில் திரும்ப வாங்கலாம். புது விலை ஆன்லைன் கார்ட்டில் விழுந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு ரத்து செய்யுங்கள்.

இனி, பேக்கேஜ் இல்லாமல் எப்படி என்று பார்ப்போம்.

நாம் பயன்படுத்தாமல் விடும் பெரிய சலுகை வைன். கார்னிவலிலும் ராயலிலும் 21 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் ஏறும் நாளில் 750 மில்லி வைன் அல்லது ஷாம்பெயின் பாட்டில் ஒன்று கைப்பையில் கொண்டுபோகலாம். பேக்கேஜ் விதியில் உங்களுக்குச் செலவு வைத்த அதே குடிக்காத துணை, இங்கே உங்களுக்கு இன்னொரு பாட்டில் தருகிறார். ஒரு பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ். கப்பலில் கிளாஸ் 11 டாலர், சர்வீஸ் சார்ஜோடு 13. க்ரோகர் கடையில் 12 டாலருக்கு வாங்கும் பாட்டில் கப்பல் விலையில் 65 டாலருக்குச் சமம். கேபினிலேயே திறந்தால் கட்டணம் இல்லை. டைனிங் ரூமுக்கு பாட்டிலோடு போனால் கார்க்கேஜ் என்று 15 டாலர் வாங்குவார்கள். அதனால் கேபினில் ஊற்றிக்கொண்டு கிளாஸோடு போங்கள், கிளாஸை அறைப் பணியாளரிடம் கேட்டால் தருவார். திருகு மூடி பாட்டிலாக வாங்கினால் கார்க் எடுக்க அலைய வேண்டாம். அட்டைப் பெட்டி வைன் உள்ளே விடமாட்டார்கள். செக்-இன் செய்யும் பெட்டியில் வைக்காதீர்கள், எக்ஸ்ரேயில் தெரிந்தால் பெட்டி உங்கள் கேபினுக்கு வராது, நீங்கள் போய்த் திறந்து காட்டித்தான் எடுத்து வர வேண்டும். நார்வீஜியன் குரூஸில் எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு.

கால்வெஸ்டனில் இருந்து கிளம்புகிறவர்களுக்கு டெக்சாஸ் சட்டம் சில இடைஞ்சல்கள் வைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு முன் கடையில் பீரோ வைனோ விற்கக் கூடாது. ஞாயிறு கிளம்பும் கப்பல் என்றால் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள், காலையில் போகிற வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பி பூட்டிய அலமாரி முன் நிற்காதீர்கள். கார்னிவலின் சியர்ஸ் பேக்கேஜ் இங்கே முதல் நாள் வேலை செய்யாது, இரண்டாம் நாள்தான் தொடங்கும். கப்பல் டெக்சாஸ் எல்லைக்குள் இருக்கும்வரை மதுவுக்கு மாநில வரியும் ஏறும். அந்த முதல் மாலைக்குத்தான் கேபினில் இருக்கும் வைன்.

வெளியில் இருந்து பீர் கொண்டுபோகலாமா என்றால், டிஸ்னி குரூஸில் தாராளமாக. ஏறும்போதும், அதன் பின் ஒவ்வொரு துறைமுகத்திலும், 21 வயதுக்கு மேற்பட்டவர் ஒவ்வொருவரும் இரண்டு வைன் பாட்டில் அல்லது 12 அவுன்ஸ் பீர் ஆறு கையில் எடுத்து வரலாம். இருவருக்கு ஒவ்வொரு முறையும் 12 பீர். ஆனால் டிஸ்னி டிக்கெட் விலையே கணிசமாக அதிகம், பீருக்காக அதைப் பிடிக்க வேண்டாம். கார்னிவல், ராயல், நார்வீஜியன் கப்பல்களில் வெளி பீர் கிடையாது. தண்ணீர் பாட்டிலில் வோட்கா, ஷாம்பூ டப்பாவில் ரம் எல்லாம் செக்யூரிட்டிக்குப் பழைய கதை. அந்த வேலையால்தான் 2015-இல் கார்னிவல் பாட்டில் தண்ணீரையே தடை செய்தது. இப்போது கேன் அல்லது அட்டைப் பெட்டியில் அடைத்த குளிர்பானம், தண்ணீர் மட்டும்தான், ஆளுக்கு 12 அவுன்ஸ் கேன் பன்னிரண்டு. நாலு பேர் குடும்பத்துக்கு 48 கேன். அப்புறம் பிள்ளைகளுக்கு சோடா பேக்கேஜ் எதற்கு?

கார்னிவலின் ஃபன் ஷாப்ஸ் தளத்தில் டஜன் பீரையோ ஒரு லிட்டர் ரம், விஸ்கி பாட்டிலையோ முன்பே ஆர்டர் செய்தால் கேபினுக்கு வந்துவிடும். புறப்படும் துறைமுகத்தைப் பொறுத்துப் பட்டியல் மாறும். கடை விலையைப் பார்த்தவருக்கு வயிறு எரியும், ஆனால் ஒப்பிட வேண்டியது பார் விலையோடு. லிட்டர் 75 டாலர் என்றே வைத்தாலும் 45 மில்லி பெக் 22 வரும், பெக் மூன்றரை டாலருக்குள். கோக் நீங்கள் கொண்டுவந்தது, ஐஸ் இலவசம்.

பாரில் பீர் வாங்கும்போது பார்க்க வேண்டியது அளவு. 12 அவுன்ஸ் பாட்டில் 8 டாலர், 16 அவுன்ஸ் டிராஃப்ட் 9 டாலர் என்றால், முதலாவது அவுன்ஸ் 67 சென்ட், இரண்டாவது 56. நாலைந்து பாட்டிலை ஐஸோடு தரும் பக்கெட் விலையையும் கேளுங்கள், கூட்டாகக் குடித்தால் லாபம். பில்லில் 18 அல்லது 20 சதவீதம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும், அதற்குக் கீழே "கூடுதல் டிப்" என்று ஒரு காலிக் கோடு இருக்கும். விருப்பம் இருந்தால் எழுதுங்கள், ஆனால் பழக்கத்தில் இன்னொரு 20 சதவீதம் எழுதிவிடாதீர்கள்.

துறைமுகத்தில் குடிப்பதுதான் பீர்ப் பிரியர்களுக்கு உண்மையான கொண்டாட்டம். கொஸுமெல்லில் சோல், மொடேலோ, ஹோண்டுராஸின் ரோவட்டானில் சால்வா விதா, பெலீஸில் பெலிக்கின், எல்லாம் அந்தந்த ஊர்ச் சரக்கு, கப்பல் விலையில் பாதிகூட வராது. கப்பல் நிற்கும் இடத்தை ஒட்டிய பார்களைத் தாண்டி ஊருக்குள் கொஞ்ச தூரம் நடங்கள். மெக்சிகோவில் பெசோவில் விலை கேட்டு பெசோவில் கொடுங்கள், டாலரில் கொடுத்தால் மாற்று விகிதம் கடைக்காரர் சொல்வதுதான்.

காசினோவில் ஆடினால் மது இலவசம் என்பதை நம்பி உட்காராதீர்கள். ராயலில் அந்தச் சலுகைக்கு அவர்கள் காசினோ கிளப்பில் பிரைம் என்ற அந்தஸ்து வேண்டும், அதற்கு 2,500 புள்ளி. ஸ்லாட் மெஷினில் 5 டாலர் சுழற்றினால் ஒரு புள்ளி. 12,500 டாலர் சுழற்ற வேண்டும். மெஷின் அதில் 8 சதவீதம் வைத்துக்கொண்டால் ஆயிரம் டாலர் போச்சு. அதில் எத்தனை பீர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வழியில் வாங்கும் டியூட்டி ஃப்ரீ பாட்டில்களைக் கப்பலில் ஏறும்போது வாங்கி வைத்துக்கொண்டு பயணத்தின் கடைசியில்தான் தருவார்கள், நடுவில் குடிக்க முடியாது. கால்வெஸ்டனில் இறங்கியதும் டெக்சாஸ் மதுபான ஆணையத்தின் மேசை இருக்கும். கஸ்டம்ஸில் வரி இல்லை என்றாலும் இங்கே பாட்டிலுக்குச் சில டாலர் மாநில வரி உண்டு. கொஸுமெல்லில் விலை ஒப்பிடும்போதே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் குடிக்கும் சாதாரண ரம், விஸ்கி ஹூஸ்டன் கடையிலேயே மலிவாக இருக்கக்கூடும். அங்கே மட்டும் கிடைக்கும் டெக்கீலா என்றால் வாங்குங்கள்.