மலிவு என்பது எஞ்சின் விலை மட்டும்தானா?
பழைய மொரிஸ் மைனர் காரின் எஞ்சினைத் திருத்துவதைவிட ‘ஜப்பான் எஞ்சின் மாற்றுவதே மலிவு’ என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அது, கொழும்பின் வாகன உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் எஞ்சினுக்குக் கேட்கும் விலையை மட்டும் பார்த்த கணக்கு. 948 சீசீ மொரிஸ் மைனரின் பிறேக் ட்ரம் வெறும் 7 அங்குலம். அதன்மேல் கூடுதல் வலுவா? கியர்பொக்ஸ், மவுண்ட், புரொப்பலர் ஷாஃப்ட் எல்லாம் தனிச்செலவு. பற்றரியின் நேர்முனை காரின் பொடியில் (உடற்பகுதியில்) பூட்டியிருக்கும் பழைய வயரிங்கில், எதிர்முனை பொடியில் பூட்டுவதற்கென்றே செய்த சாதாரண அல்டர்நேற்றரைக் கொழுவினால் அதன் டயோட் எரியும். எஞ்சின் இலக்கம் மாறியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாவிட்டால், விற்கும்போது தலையிடி. பழைய எஞ்சினுக்கோ சிலிண்டரை 0.020 அங்குலம் குடைந்து, அந்த அளவு பெரிதான ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். ஹெட்டைக் கழற்றியதோடு எக்ஸோஸ்ட் வால்வு சீற்றுகளையும் (வால்வு மூடும்போது அமரும் இடங்கள்) கடின உலோகத்தில் மாற்றுங்கள். ஈயமில்லாப் பெற்றோலில் பழைய சீற் தேய்ந்து, வால்வு இடைவெளி குறைந்து, கம்ப்ரெஷன் போய்விடும். எஞ்சின் புளொக்கிலேயே வெடிப்பு விழுந்திருந்தால் மட்டும் கட்டுரையாளர் பக்கம் நிற்பேன்.