ஆண்களிடம் ஆண்கள் பேசுங்கள், செவிலியர்களை விட்டுவிடுங்கள்

ஒவ்வொரு வருடமும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண்களுக்கான நவீன கருத்தடை சிகிச்சை (வாசக்டமி) இருவார விழா நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் ‘கத்தியின்றி, ரத்தமின்றி, தையலின்றி’ என்று பேனர் தொங்கும். அந்த இரண்டு வாரமும் என் அக்காவுக்குச் சரியான தூக்கம் இருக்காது. அவள் கிராம சுகாதார செவிலியர். ஒரு ஆணையாவது கூட்டிக்கொண்டு வரவேண்டிய பொறுப்பு அவள் தலையில்தான் விழும்.

நான் இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டவன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். செவிலியர்கள் ஒழுங்காக எடுத்துச் சொல்லாததால் ஆண்கள் வரவில்லை என்பது அநியாயமான பேச்சு. ஆண்களிடம் இதைப் பேச வேண்டியவர்கள் அவர்களே அல்ல.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட குடும்பங்கள் 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் பெண்கள் பக்கம் கிட்டத்தட்ட 58 சதவீதம். ஆண்கள் பக்கம் அந்த 0.3கூட இல்லை. சுகாதாரத்தில் முன்னோடி மாநிலம் என்று சொல்லிக்கொள்கிற நமக்கு இது பெரிய தலைகுனிவு.

அக்கா வீடு வீடாகப் போவது காலை பத்து, பதினொரு மணிக்கு. ஆண்கள் வேலைக்குக் கிளம்பியிருப்பார்கள். இருக்கிறவரும் பேச்சு இந்தப் பக்கம் திரும்பியதும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார். பதில் சொல்வது மாமியார்தான். “ஏம்மா, மூட்டை தூக்குற பிள்ளை. நாளைக்கு அவன் படுத்துட்டா யாரு சோறு போடுவா? இவளுக்கே பண்ணி விட்டுரு.” மருமகளும் சரி என்று தலையாட்டுவாள். அதோடு முடிந்தது.

ஆணுக்கு இருக்கும் பயம் என்னவென்று எனக்குத் தெரியும், எனக்கும் அது இருந்தது. “எல்லாம் பழையபடி இருக்குமா?” என்பதுதான் கேள்வி. விந்தணு வரும் குழாயை மட்டும்தான் அடைக்கிறார்கள். விதைகளில் சுரக்கும் ஹார்மோன் வழக்கம்போல ரத்தத்தில் கலக்கிறது. ஆசையும் விறைப்பும் குறைவதில்லை, விந்து வெளியேறும் அளவுகூடப் பெரிதாக மாறாது. எனக்கு இதை ஒரு ஆண் மருத்துவர் கதவைச் சாத்திவிட்டு நிதானமாகச் சொன்னார். இதையே வேறொரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அந்த ஆளின் அம்மாவையும் பெண்டாட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் அக்கா எப்படிச் சொல்வாள்? அவர்தான் எப்படிக் கேட்பார்?

சிகிச்சை இவ்வளவுதான்: மரத்துப்போக ஊசி போட்டார்கள். விதைப்பைத் தோலில் சின்னதாக ஒரு துளை போட்டு, அது வழியாகக் குழாயை வெளியே எடுத்து, வெட்டிக் கட்டி உள்ளே விட்டார்கள். கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு பிளாஸ்திரி ஒட்டினார்கள். இறுக்கமான உள்ளாடை போட்டுக்கொண்டு நானே நடந்து வெளியே வந்தேன். அப்புறம் இரண்டு நாள் பஸ் குலுங்கினால் வலித்தது. பெண்ணுக்கோ வயிற்றைத் திறக்க வேண்டும். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள், அதில் 13 பேர் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியை இன்றும் மனசு ஆறாமல்தான் என்னால் படிக்க முடிகிறது.

ஆண்கள் வரவே மாட்டார்கள் என்பதும் பொய். 1971இல் எர்ணாகுளத்தில் ஒரே மாத முகாமில் 60 ஆயிரத்துக்கும் அதிகமான ஆண்கள் செய்துகொண்டார்கள். பணமும் பொருளும் கொடுத்தார்கள், உண்மைதான். ஆனாலும் வந்தார்கள். அதைக் கெடுத்தது நெருக்கடி நிலை. 1976-77இல் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேல் அறுவை சிகிச்சைகள் நடந்தன, பெரும்பாலும் ஆண்களுக்கு, பல இடங்களில் பலவந்தமாக. அதற்குப் பிறகு எந்த அரசும் ஆண்கள் பக்கம் அழுத்திப் பேசவில்லை. சுமை முழுவதையும் எதிர்த்துக் கேட்காத பெண்கள் மேல் இறக்கி வைத்தார்கள்.

இப்போதும் பிரசவ வார்டில் அதுதான் நடக்கிறது. இரண்டாவது பிரசவத்துக்குச் சேரும்போதே “இதோட ஆபரேஷனும் பண்ணிரலாமா?” என்று அவளிடம் கேட்பார்கள். வெளியே பிளாஸ்க்கோடு நிற்கும் கணவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில்கூட பெற்றோரில் ஒருவர் செய்துகொண்டால் போதும் என்றுதான் இருக்கிறது. அந்த ஒருவர் யார் என்பதில் எந்த வீட்டிலும் விவாதம் நடப்பதில்லை.

அக்காவுக்கு இந்த வேலை பிடிக்கும். ரத்தசோகையோடு பதிவு செய்த பெண் சுகமாகப் பிள்ளை பெற்று வீடு திரும்பினால் அன்றைக்கு அவள் முகமே வேறு. பகலெல்லாம் நடந்துவிட்டு ராத்திரி கர்ப்பிணிகள் விவரத்தைப் பதியும் பிக்மி இணையதளத்தில் பதிவேற்றுவதைக்கூட முணுமுணுப்போடு செய்துவிடுவாள். ஆனால் மாதாந்திரக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுப்பி நிற்க வைத்து “உங்க சப் சென்டர்ல எத்தனை கேஸ்?” என்று கேட்பதை அவளால் தாங்க முடியவில்லை. இன்னொருவர் எடுக்க வேண்டிய முடிவுக்கு அவள் மெமோ வாங்குகிறாள். இலக்கு வைக்கும் முறையை மத்திய அரசு 1996இலேயே கைவிட்டது. ஆனால் 2020 பிப்ரவரியில் மத்தியப் பிரதேசத்தில் ஒரு ஆணைக்கூட அழைத்து வராத சுகாதாரப் பணியாளர்களுக்குச் சம்பளம் கிடையாது, கட்டாய ஓய்வு என்று சுற்றறிக்கை போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. சிகிச்சை முடிந்ததும் உடனே பலன் கிடைக்காது. மூன்று மாதம் ஆணுறை போட வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனை செய்து விந்தணு இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் மனைவி கர்ப்பமானால் பழி அவள் நடத்தை மேல் விழும். சண்டை செவிலியர் வீட்டு வாசலுக்கு வரும். அக்கா தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தத் தயக்கம் நியாயமானது.

ஆண் சுகாதார ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பேசட்டும். கர்ப்ப காலப் பரிசோதனைக்குக் கணவன் வரும்போதே மருத்துவர் அவனைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லட்டும். சிகிச்சையை ஞாயிற்றுக்கிழமையும் செய்யட்டும். செய்துகொள்ளும் ஆணுக்கு 2007இல் மத்திய அரசு நிர்ணயித்த ஈட்டுத்தொகை 1,100 ரூபாய். ஒரு வாரம் சாரம் ஏறாத கொத்தனாருக்கு அது எந்த மூலைக்கு? குறைந்தது ஒரு வாரக் கூலியாவது கொடுங்கள். மாதக் கூட்டத்தில் கேஸ் எண்ணுவதை நிறுத்துங்கள்.

என் நட்புப் பட்டியலில் உள்ள ஆண்களில் யாருக்காவது கேட்க வேண்டியது இருந்தால் உள்பெட்டியில் கேளுங்கள். எவ்வளவு கூச்சமான கேள்வியாக இருந்தாலும் பதில் சொல்கிறேன். துணைக்கு ஆள் வேண்டும் என்றால் மருத்துவமனைக்கும் கூட வருகிறேன்.