ஆபீஸ் நேரத்து விமானப்படை

சுவிட்சர்லாந்து விமானப்படை என்று பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் அந்தப் பழைய ஜோக்கை எடுத்துவிடுவார்: காலை எட்டு மணிக்கு முன்னால் படையெடுத்தால் நாட்டையே பிடித்துவிடலாம் என்று.

2014 பிப்ரவரி 17-ல் கிளம்பிய கேலி அது. அடிஸ் அபாபாவிலிருந்து ரோமுக்குப் போன எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானத்தில் கேப்டன் கழிவறைக்குப் போன சமயம் பார்த்து, துணை விமானி கதவைப் பூட்டிக்கொண்டு விமானத்தை ஜெனீவாவுக்குத் திருப்பிவிட்டார். பின்தொடர்ந்து வந்தவை இத்தாலி, பிரான்ஸ் போர் விமானங்கள். சுவிஸ் விமானம் ஒன்றுகூட மேலேறவில்லை. ஜெனீவாவில் தரையிறங்கும்போது மணி காலை ஆறு. சுவிஸ் விமானப்படைக்கோ அப்போது வேலை நேரம் வாரநாட்களில் எட்டு மணிக்குத்தான் ஆரம்பம், நடுவில் மதிய இடைவேளை வேறு. துணை விமானி காக்பிட் ஜன்னல் வழியே கயிற்றில் இறங்கி, அடைக்கலம் கேட்டுச் சரணடைந்தார். யாருக்கும் காயமில்லை. அப்புறம் கேலிக்குக் கேட்கவா வேண்டும்!

எனக்கென்னவோ சிரிக்க வேண்டிய இடம் அதுவல்ல என்று படுகிறது. இந்தப் படை ஆரம்பத்திலிருந்தே அளந்து அளந்து செலவு செய்யப்பட்ட படை. 1914 ஜூலை 31-ல் தியோடர் ரியால் என்ற குதிரைப்படை கேப்டனிடம் பொறுப்பைக் கொடுத்தபோது, முதல் விமானிகளில் பலர் சொந்த விமானத்தோடு வந்து சேர்ந்தார்கள். இன்றும் முழுநேர விமானிகள் கொஞ்சப் பேர்தான். கீழே நின்று வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் கட்டாய ராணுவ சேவைக்கு வந்து போகிறவர்கள்.

அதற்காக இவர்களைச் சும்மா நினைக்க வேண்டாம். 1940 மே, ஜூனில் எல்லை தாண்டி வந்த ஜெர்மன் விமானங்களை இவர்கள் சுட்டு வீழ்த்தியது, ஜெர்மனியிடமே காசு கொடுத்து வாங்கிய மெஸ்ஸர்ஷ்மிட் விமானங்களில் ஏறித்தான். ஹிட்லரின் விமானப்படைத் தலைவர் கோரிங்குக்கு எவ்வளவு எரிந்திருக்கும்! சுவிஸ் விமானத் தளங்களை நாசம் செய்ய ஆட்களை அனுப்பினார்கள், அவர்களும் மாட்டிக்கொண்டார்கள். கடைசியில் பெரும்போருக்கு இழுத்துவிடும் என்று பயந்து, சுவிஸ் ராணுவத் தளபதி கிசான் வான்சண்டையையே நிறுத்தச் சொன்னார்.

போர் முடிந்த பிறகு மலையைக் குடைந்து விமானங்களை உள்ளே வைத்தார்கள். மைரிங்கன் தளத்தில் இன்றும் எஃப்/ஏ-18 போர் விமானம் பாறைக்குள்ளிருந்துதான் வெளியே வருகிறது. பிரான்சின் மிராஜ் போர் விமானத்தை வாங்கியபோது, குகைக்குள் திருப்ப இடம் போதாது என்பதால் கூரையில் ஓடும் கிரேனில் மாட்டித் தூக்குவதற்கு வசதியாக விமானத்தின் உடம்பையே பலப்படுத்தச் சொன்னார்கள். இப்படி ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னதில் பட்ஜெட் பிய்த்துக்கொண்டது. 1961-ல் 100 விமானத்துக்கு 87 கோடி பிராங்க் ஒதுக்கிய நாடாளுமன்றத்திடம், 1964-ல் இன்னும் 57 கோடிக்கு மேல் கேட்டு வந்து நின்றார்கள். அந்த நாட்டு வரலாற்றிலேயே முதல் நாடாளுமன்ற விசாரணைக் குழு அதற்காகத்தான் அமைந்தது. விமானப்படைத் தலைவர் பதவி போனது, ராணுவத் தலைமை அதிகாரி விலகினார், 100 விமானம் 57 ஆனது.

அந்தச் சூடு ஆறவே இல்லை. போர் விமானம் என்றால் மக்களைக் கேட்டே ஆக வேண்டும் என்ற நிலை மெல்ல மெல்ல உருவானது. 2014 மே மாதம், அந்தக் கடத்தல் நடந்து மூன்றே மாதத்தில், 22 கிரிப்பன் போர் விமானங்கள் வாங்கும் திட்டத்தை 53.4 சதவீதம் பேர் வேண்டாம் என்று தள்ளினார்கள். ஊர் முழுக்க அவர்களைக் கேலி செய்துகொண்டிருந்த நேரம் அது! ஆனால் 24 மணி நேரக் காவலுக்குப் பணம் கிடைத்தது. 2020 இறுதியிலிருந்து ஆயுதம் ஏற்றிய இரண்டு எஃப்/ஏ-18 எந்நேரமும் 15 நிமிடத்தில் கிளம்பத் தயாராக நிற்கின்றன. நாட்டை வடக்கிலிருந்து தெற்கே கடக்கப் பயணிகள் விமானத்துக்கே ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும் என்பது வேறு கதை.

2020 செப்டம்பரில் மறுபடி வாக்கெடுப்பு. புதிய போர் விமானங்களுக்கு உச்சவரம்பு 600 கோடி பிராங்க். வாக்குச்சீட்டோடு வீட்டுக்கு வரும் சிறு புத்தகத்தில் அரசின் வாதமும் எதிர்ப்பவர்களின் வாதமும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். அங்கே குடியுரிமை பெற்ற ஈழத்தமிழர் வீடுகளுக்கும் அந்த உறை போயிருக்கும். 50.1 சதவீதம் ஆமாம். வித்தியாசம் ஒன்பதாயிரம் வாக்குக்கும் குறைவு.

எனக்குக் கோபம் வருவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். எந்த விமானம் என்பதை மக்களிடம் கேட்கவில்லை. 2021-ல் அரசு அமெரிக்காவின் எஃப்-35 விமானம் 36 என்று முடிவெடுத்தது. அதை எதிர்த்து வாக்கெடுப்பு கேட்டு ஒரு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்த்து 2022 ஆகஸ்டில் கொடுத்தார்கள். அரசோ வாக்கெடுப்புக்குக் காத்திருக்காமல், அமெரிக்காவின் விலைச் சலுகை 2023 மார்ச்சோடு முடிகிறது என்று சொல்லி அடுத்த மாதமே ஒப்பந்தம் போட்டுவிட்டது. மனு கொடுத்தவர்கள் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 'நிலையான விலை, ஒரு பைசா கூடாது' என்பதுதான் அப்போது சொன்ன சமாதானம்.

2025 ஜூனில் அமெரிக்கா வேறு பாட்டுப் பாடியது. நிலையான விலை என்பது உங்கள் தவறான புரிதல், 65 கோடியிலிருந்து 130 கோடி டாலர் வரை கூடுதலாகலாம் என்று. இது யாருக்கும் தெரியாமல் நடந்ததும் இல்லை. கையெழுத்தாவதற்கு இரண்டு மாதம் முன்பே, 2022 ஜூலையில், சுவிஸ் அரசின் தணிக்கை அலுவலகமே அந்த விலைக்குச் சட்டப்படி உறுதி கிடையாது என்று அறிக்கையில் எழுதியே கொடுத்திருந்தது. ராணுவ அமைச்சகம் அதை ஏற்க மறுத்தது.