தீர்மானம் நிறைவேறியது, உதவி நிற்கவில்லை

"2019-ல் அமெரிக்க காங்கிரஸ் ஓட்டுப் போட்டு ஏமன் போருக்கான உதவியை நிறுத்திவிட்டது" என்று மேலே ஒரு அண்ணன் போட்டிருக்கிறார். மதுரையில் குரூப் 1-க்குப் படிக்கிறவர்கள் இதை அப்படியே குறிப்பெடுத்துவிடாதீர்கள், பாதிதான் சரி.

ஏமனில் போரிட்ட சவுதி கூட்டணிக்கு அமெரிக்கா தரும் ராணுவ உதவியை நிறுத்தச் சொல்லும் தீர்மானம், காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றம்) இரு அவைகளில் செனட்டில் மார்ச் 13 அன்று 54-46, பிரதிநிதிகள் சபையில் ஏப்ரல் 4 அன்று 247-175 என்று நிறைவேறியது. ஏப்ரல் 16-ல் அதிபர் டிரம்ப் வீட்டோ போட்டார், அதாவது தீர்மானத்தை நிராகரித்தார். வீட்டோவை முறியடிக்க இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மே 2 அன்று செனட்டில் ஓட்டுப் போட்ட 98 பேரில் 66 தேவை, கிடைத்தது 53. அதோடு தீர்மானம் செத்தது. சவுதி கூட்டணி விமானங்களுக்கு நடுவானில் எரிபொருள் நிரப்புவது நின்றதற்கும் இந்த ஓட்டுக்கும் சம்பந்தமில்லை, அது 2018 நவம்பரிலேயே நின்றுவிட்டது.

ஆயுத விற்பனைக்குத் தனிச் சட்டம். சவுதிக்கான பெரிய தளவாட ஒப்பந்தம் 1.4 கோடி டாலரைத் தொட்டால் காங்கிரஸுக்கு அறிவித்து 30 நாள் பொறுக்க வேண்டும். 'அவசரநிலை' என்று சொல்லிவிட்டால் அந்த 30 நாளும் போச்சு! 2019 மே மாதம் சவுதி, அமீரகம், ஜோர்டானுக்கான 22 விற்பனைகள், சுமார் 810 கோடி டாலர், அப்படித்தான் போயின.

இந்தியா வெளிநாட்டுக்குப் படை அனுப்பினால் நம்ம மதுரை எம்.பி. இப்படி ஓட்டுப் போட்டுத் தடுக்க முடியுமா என்று கேட்ட தம்பிக்கு: முடியாது. 1987-ல் இலங்கைக்கு இந்திய அமைதிப்படை போனபோதும் நாடாளுமன்ற ஒப்புதல் சட்டப்படி தேவைப்படவில்லை. கேள்வி கேட்கலாம், அதுவும் 15 நாள் முன்னறிவிப்போடு.