சின்னாத்தாவுக்கு யார் வக்காலத்து வாங்குவது?

போன வாரம் அந்த நோட்டு திரும்பி வந்தது. ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்த வாரத்தில் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் என் ஜெராக்ஸ் கடையிலிருந்து கிளம்பியது, ஒன்பது வீடு சுற்றிவிட்டு ஐப்பசி மழையோடு வந்து சேர்ந்திருக்கிறது. போகும்போது சுண்டுவிரல் கனம். இப்போது உப்புக்காற்றில் ஊதி, ஸ்பைரலுக்குள் அடங்காமல், மூடவே மாட்டேன் என்கிறது. ஆளுக்குப் பத்து நாள் என்றுதான் பேச்சு, அந்தக் கணக்குக்கு ஆடியிலேயே வந்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் பீரோ மேலேயே நாற்பது நாள் தூங்கியது. யார் என்று சொல்லமாட்டேன், அவருக்கே தெரியும்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: ராமநாதபுரத்தில் டீச்சராக இருக்கும் ஒரு அக்கா, ஸ்னோ ஒயிட் கதையை அவள் சித்தியான அந்தப் பொல்லாத ராணி வாயாலேயே சொல்கிற மாதிரி எழுதினார். 64 பக்கம். நான் டைப் அடித்து, ஓரத்தில் இரண்டு அங்குலம் காலி இடம் விட்டு பைண்டிங் போட்டேன். தொண்டியிலிருந்து ஏர்வாடி வரைக்கும் எங்கள் குழுவில் இருக்கிற ஒன்பது பேர் தபாலில் வாங்கிப் படித்து, தோன்றியதை ஓரத்தில் எழுதி, அடுத்தவர் விலாசத்துக்கு அனுப்ப வேண்டும். பெயர் போட வேண்டாம், நீலப் பேனா மட்டும், அவ்வளவுதான் சட்டம்.

பிடிஎஃப் போட்டால் ஒரு நிமிஷத்தில் முடிகிற வேலைக்கு இவ்வளவு அலைச்சல் எதற்கு என்று என் தம்பியே கேட்டான். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், பிடிஎஃப்பை யாரும் படிப்பதில்லை, வைத்துக்கொள்கிறார்கள். தபால் செலவு வேறு விஷயம். 2024 டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சல் நின்றபோது பதிப்பகங்கள் கத்தினார்கள், அப்புறம் 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்று ஒன்று வந்தது, 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. ஆனால் அது அச்சடித்த புத்தகத்துக்கு. எங்களுடையது ஜெராக்ஸ் கட்டு, அதனால் சாதாரணமாகக் கவரில் போட்டு ஸ்டாம்ப் ஒட்டித்தான் அனுப்பினோம்.

வில்லன் பக்கத்துக் கதை என்று சொன்னதும் குழுவில் எல்லாரும் "ராவணன்தானே" என்றார்கள். எங்கள் பக்கம் வேறு எது ஞாபகம் வரும், தனுஷ்கோடி மணலில் நின்றால் அந்தக் கதையைத் தாண்டி வேறு எதையும் யோசிக்க முடியாது. ஆனால் ராவணனுக்கு வக்கீல் இல்லாமல் இல்லை. 1946-லேயே புலவர் குழந்தை ராவண காவியம் எழுதிவிட்டார், 1948-ல் அரசு தடை போட்டது, 1971-ல் தடை நீங்கியது. மேடையில் பேச ஆள் உண்டு, பிள்ளைக்குப் பேர் வைக்கிறவர்கள்கூட உண்டு. சரி, கைகேயிக்கு? கூனி வந்து ராமனுக்குப் பட்டாபிஷேகம் என்று சொன்னதும் சந்தோஷத்தில் மாலையைக் கழற்றிக் கொடுத்தவள் அவள்தான், அதைக் கம்பனே சொல்கிறான், நமக்கு ஞாபகம் இருப்பது இரண்டு வரம் மட்டும். (அவள் அந்த வரத்தைக் கேட்காமல் இருந்திருந்தால் ராமேஸ்வரத்துக்கு வேலையே இல்லை. இத்தனை லாட்ஜும் இத்தனை ஆட்டோவும் அவள் போட்ட பிச்சை என்று சொன்னால் அடிக்க வருவார்கள்.)

நான் சொல்ல வருவது இதைத்தான். அரக்கனுக்கு இரக்கப்படுவது சுலபம், அரக்கன் நம் தெருவில் இல்லை. சின்னாத்தா, அதாவது அப்பா கட்டிய இரண்டாம் தாரம், தெருவுக்கு ஒருத்தி இருக்கிறாள்.

நம் பாஷையையே பாருங்கள். சித்தி என்றால் அம்மாவின் தங்கை, அப்பாவின் இரண்டாம் தாரமும் சித்தி. அக்கா பிரசவத்தில் போய்விட்டால் தங்கையை அதே வீட்டில் கட்டிக்கொடுத்த காலத்தில் இரண்டும் ஒரே ஆளாகவே இருந்தாள். நேற்று வரை மிட்டாய் வாங்கிக் கொடுத்த சித்தி, தாலி ஏறிய அன்றிலிருந்து "சித்தி கொடுமை"யில் வருகிற சித்தி. இன்னொரு வார்த்தை இருக்கிறது, மாற்றாந்தாய் மனப்பான்மை. எங்கள் ஊரில் மீனவர் போராட்டம் எதுவானாலும் மைக் பிடிக்கிறவர் மூன்றாவது வாக்கியத்தில் அதைச் சொல்லிவிடுவார், மத்திய அரசு மாற்றாந்தாய் மனப்பான்மையோடு நடத்துகிறது என்று. நானும் கை தட்டியிருக்கிறேன். கூட்டத்தில் நிற்கிற எத்தனை பெண்கள் யாரோ ஒருத்தியின் பிள்ளையை வளர்த்துக்கொண்டு அதைக் கேட்டிருப்பார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

டீச்சர் அக்கா இதை எழுதுவதற்கு முன்னால் ஸ்னோ ஒயிட் கதையைத் தொகுத்த கிரிம் சகோதரர்களைப் பற்றித் தேடிப் படித்திருக்கிறார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், 1812-ல் வந்த முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னது பெற்ற தாய். மாற்றாந்தாயே கிடையாது. 1819-ல் இரண்டாம் பதிப்பு போடும்போது பெற்றவளைப் பிரசவத்தில் சாகடித்துவிட்டு, பழியை ஏற்க இன்னொருத்தியைக் கொண்டுவந்துவிட்டார்கள். காட்டில் பிள்ளைகளை விட்டுவரச் சொல்கிற ஹான்சல் கிரெட்டல் கதையிலும் இதேதான், அங்கே 1840 பதிப்பில் அம்மா சித்தியாகிவிட்டாள். அம்மா என்ற பேர் கெடக்கூடாது, அதற்கு ஒரு ஆள் வேண்டும். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் மிகைதான், ஆனால் மறுநாள் கடையில் லேமினேஷன் மிஷின் முன்னால் நின்றபோதும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கதையின் கடைசியில் அந்த ராணியைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டு, பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பை மாட்டிச் சாகும்வரை ஆட விடுவார்கள். நம் பிள்ளைகள் படிக்கிற பதிப்புகளில் இது பெரும்பாலும் இருக்காது. அக்காவின் கதை அங்கேதான் தொடங்குகிறது. செருப்பு நெருப்பில் காய்ந்துகொண்டிருக்கிறது, அது சிவக்கிற நேரத்துக்குள் அவள் பேசி முடிக்க வேண்டும். நல்ல யோசனை, பொறாமையாக இருந்தது.

ஆனால் ஒரு இடத்தில் எனக்கும் அக்காவுக்கும் சண்டை. அக்கா கதையில் வேட்டைக்காரன் தானாகவே அந்தக் காரியத்துக்குப் போகிறான், ராணிக்கு ஒன்றும் தெரியாது, விஷம் தடவிய சீப்பும் ஆப்பிளும்கூட யாரோ கட்டிவிட்டது. இது எனக்குப் பிடிக்கவே இல்லை. மூலக்கதையில் அந்தப் பிள்ளைக்கு ஏழு வயது. ஏழு. அதன் நுரையீரலையும் ஈரலையும் கொண்டு வா என்று ஆளனுப்புகிறாள், வந்ததை அதுதான் என்று நம்பிச் சாப்பிடவும் செய்கிறாள். இதைத் துடைத்து எடுத்துவிட்டு "பாவம் அவள்" என்றால் அது வில்லி கதையே இல்லை, வேறு ஒரு நல்லவள் கதை. வில்லி பக்கத்தைக் கேட்பது வேறு, அவளைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து உட்கார வைப்பது வேறு. கொலை செய்யச் சொன்னவள் வாயிலிருந்தே அது வர வேண்டும், ஆமாம் சொன்னேன் என்று, அப்புறம் ஏன் என்று. அந்த ஏன்தான் எனக்கு வேண்டும். ஓரத்தில் இதையெல்லாம் எழுதினேன், கொஞ்சம் காரமாகவே.

மற்றவர்கள் எழுதியதைச் சொல்ல வேண்டும். தொண்டியில் ஒருவருடைய குறிப்பில் பாதி எழுத்துப்பிழை திருத்தம், பிழைப்பே அது போல. கீழக்கரையிலிருந்து 22-ம் பக்கத்தில் எண்ணெய்க் கறை, பக்கத்திலேயே "தொதல் சாப்பிட்டுக்கொண்டே படித்தேன், மன்னிக்கவும்" (தொதல் அந்த ஊர் இனிப்பு). அந்த வாசனை இரண்டு வீடு தாண்டியும் போகவில்லையாம். யாரோ வீட்டுப் பொடியன் அட்டையில் கண்ணாடிக்கு மீசை வரைந்திருக்கிறான், அது நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்து நல்லதங்காள் கதையில் நாத்தனாருக்குச் சோறு போடாத அண்ணி மூளி அலங்காரியை எழுதுங்கள், பஞ்ச காலத்தில் அவள் குதிரில் எத்தனை படி இருந்தது என்று யாராவது கேட்டார்களா என்று ஒருவர். இந்தக் கேள்வியை நான் இன்னும் வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறேன்.

41-ம் பக்கம். ராணி கிழவி வேஷத்தில் சீப்பு விற்கப் போகிற இடம். ஓரத்தில் பென்சில் எழுத்து, பேனாதான் சட்டம் என்றாலும் பென்சில், ரொம்ப லேசாக, கடைக்கு வெளியே வெயிலில் சாய்த்துப் பிடித்துத்தான் படிக்க முடிந்தது. எழுதியவரிடம் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன், ஊர் வேண்டாம் என்றார். "நான் வாக்கப்பட்டு வந்தப்ப அந்தப் பிள்ளைக்கு ஆறு வயசு. தலை சீவிவிடப் போனா கையத் தட்டிவிடும். ஒரு நாள் சிக்கு எடுத்தேன், வலியில கத்துச்சு. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாத்துட்டு முடியப் பிடிச்சு இழுக்குறான்னு ஊரு பூரா சொல்லிட்டா. அதுக்கப்புறம் நான் அதுக்குச் சீவிவிட்டதே இல்ல. பேன் புழுத்துப் போச்சு. அதுக்கும் என்னத்தான் சொன்னாக."

அதற்குக் கீழே, வேறு கை, நீலப் பேனா, அழுத்தி எழுதியதில் அடுத்த பக்கத்தில் தடம் விழுந்திருக்கிறது. "நான் மூத்த தாரத்துப் பிள்ளை. எங்க சின்னாத்தா என்னை அடித்தது நிஜம். சோற்றுக்கரண்டியால். இந்தக் கதையில் அதற்கு இடமே இல்லையே."

இந்த இரண்டையும் படித்ததும் நான் காரமாக எழுதியது எனக்கே வெறும் படிப்பாளித்தனமாகத் தெரிந்தது. நான் சொல்ல நினைத்ததை இந்த அம்மாவும் இந்தப் பெண்ணும் ஒரு ஓரத்தில், ஒருவர் முகம் ஒருவர் பார்க்காமல், நாலு வரியில் சொல்லிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் இருந்திருந்தால் முதல் குறிப்புக்குக் கீழே அழுகிற பொம்மை பத்து விழுந்திருக்கும், இரண்டாவது ஆள் வாயே திறந்திருக்கமாட்டார். எங்கள் பாட்டி சொல்லும், தாத்தா கொழும்பில் கடையில் இருந்தபோது கப்பலோடு இணைந்து ஓடிய போட் மெயில் ரயிலில் வருகிற கடிதத்தில் எழுதுகிற விஷயத்தை ஊருக்கு வந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டாராம். 1964 புயலோடு தனுஷ்கோடிக்குப் போகிற தண்டவாளம் போனது, அங்கிருந்து கிளம்புகிற கப்பலும் போனது, பாட்டி ட்ரங்குப் பெட்டியில் அந்தக் கடிதங்கள் மட்டும் மிச்சம்.

அக்காவிடம் 41-ம் பக்கத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். வேட்டைக்காரன் அத்தியாயத்தை மறுபடி எழுதணும் என்று மட்டும் சொன்னார். எனக்கு ஜெயித்த மாதிரி இல்லை.

பென்சிலில் எழுதிய அம்மாவுக்கு, அவர் கையை விட்டுப் போன பிறகு அவர் குறிப்புக்குக் கீழே என்ன வந்தது என்று தெரியாது. படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் நீல டிக் மட்டும். மூன்றாம் நாள் குரல் பதிவு: "அந்தப் பிள்ளை விலாசம் இருந்தாக் குடும்மா." நம்பரே வாங்கித் தருகிறேன் அத்தை என்றேன். "நம்பரு வேணாம். போன்ல என்னத்தப் பேசுறது? விலாசம் குடு."

அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கிறேன். இந்த வரிகளைப் போட்டுக்கொள்ளச் சொன்னவள், விலாசத்துக்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை, நானும் அவசரப்படுத்தவில்லை.

நோட்டு இப்போது கடையில் ஏ4 பேப்பர் கட்டுகளுக்கு அடியில் அமுக்கி வைத்திருக்கிறேன். இரண்டாவது சுற்றுக்கு யாராவது வருகிறீர்கள் என்றால் விலாசத்தை இன்பாக்ஸில் போடுங்கள். 41-ம் பக்கத்தில் மட்டும் விரல் படாமல் பிடியுங்கள், பென்சில் ஏற்கனவே பாதி அழிந்துவிட்டது.