கில்ஃபோர்ட் டட்லி முடிசூடவே இல்லை

"ஜேன் கிரேயின் கணவர் கில்ஃபோர்ட் டட்லியும் மன்னராக முடிசூடினார், மேரி வந்ததுமே இருவரையும் கொன்றுவிட்டார்" என்று சிலர் எழுதியிருப்பது தவறுங்க. இங்கிலாந்தின் அரசியாக அறிவிக்கப்பட்ட ஜேனுக்கே முடிசூட்டு விழா நடக்கவில்லை. 1553 ஜூலை 10 முதல் 19 வரைதான் ஆட்சி. கணவரை அரசராக்க ஜேன் மறுத்துவிட்டார், டியூக் பட்டம் தருகிறேன் என்றார். அந்தப் பதினாறு பதினேழு வயதுப் பெண்ணின் உறுதியை நாம் மறைத்துவிடக் கூடாது.

ஜேனுக்குப் பின் அரசியான மேரியும் உடனே கொல்லவில்லை. நவம்பரில் மரண தண்டனை விதிக்கப்பட்டும் இருவரும் லண்டன் டவர் சிறையில் உயிரோடுதான் இருந்தார்கள். மேரிக்கு எதிராக நடந்த வயட் கலகத்தில் ஜேனின் தந்தை சேர்ந்த பிறகே, 1554 பிப்ரவரி 12 அன்று தண்டனை நிறைவேறியது. கில்ஃபோர்டுக்கு டவர் கோட்டைக்கு வெளியே இருக்கும் டவர் ஹில்லில், பொதுமக்கள் முன்னால். ஜேனுக்கு அதே நாளில், கோட்டைக்குள்ளே.