பெட்ரோலியத்துக்குப் பிறந்த பொருள், எலும்புக்குப் போன கதை

ஸ்பெயினின் வேதியியலாளர் மரியா வாலெட்-ரெஹி பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை அருமை. ஆனால் அவர் வாங்கிய விருதுகளுக்குக் கொடுத்த இடத்தில் பாதியையாவது 2001-ஆம் ஆண்டு ஆய்வுக்குக் கொடுத்திருக்கலாம். உண்மையான திருப்பம் அங்கேதான் இருக்கிறது.

எம்.சி.எம்-41 என்ற நுண்துளை சிலிக்காவை (சிலிக்கா என்பது மணலின் முக்கியப் பொருள்) 1992-இல் உலகுக்கு அறிவித்தவர்கள் மொபில் எண்ணெய் நிறுவனத்து ஆய்வாளர்கள். பெட்ரோலியத்தின் பெரிய மூலக்கூறுகளைக் கையாளும் வினையூக்கிதான் (வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள்) அவர்கள் தேடியது. சோப்பு போன்ற மூலக்கூறுகள் நீரில் உருளைகளாகத் திரள, அவற்றைச் சுற்றி சிலிக்கா படிகிறது. பிறகு சூளையில் சுட்டால் உள்ளிருப்பது எரிந்துபோய், தேனடை போல ஒழுங்கான துளைகள் மிஞ்சுகின்றன. அகலம் சில நானோமீட்டர்தான்; ஆனால் ஒரு கிராம் தூளின் பரப்பு ஏறத்தாழ 1000 சதுர மீட்டர்!

இந்தத் துளைகளில்தான் 2001-இல் மாட்ரிட் கம்ப்ளூடென்சே பல்கலைக்கழகத்தில் வாலெட்-ரெஹி குழுவினர் இபுபுரூஃபெனை ஏற்றி, அது மெல்ல மெல்ல வெளியேறுவதைக் காட்டினார்கள். நாம் மூட்டுவலிக்கு விழுங்கும் அதே மருந்துதான். வினையூக்கி மருந்துப் பெட்டகமானது.

வாலெட்-ரெஹி எலும்பு சிகிச்சையை விடாமல் பற்றிக்கொண்டதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. எலும்புக்குள் கிருமி புகுந்துவிட்டால் வாய்வழி மருந்து அங்கே போதிய அளவு சென்று சேர்வது கடினம். வாரக்கணக்கில் சிகிச்சை நீளும். மருந்தை அந்த இடத்திலேயே வைத்து விடுவிக்க முடிந்தால் நோயாளிக்கு எவ்வளவு பெரிய நிம்மதி! இந்த முறையில் மனிதர்களிடம் நடந்த சோதனைகள் இன்னும் குறைவுதான். அது ஏன் என்று அடுத்த கட்டுரையில் விரிவாக எழுதுங்கள், ஆவலோடு காத்திருக்கிறேன்.